எக்ஸ்5670 ஜோடியும் காலியாகக் கிடந்த மூன்றாவது மெமரி சேனலும்

நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய ரேக் சர்வர் ஒன்று எனக்குக் கிடைத்தது. சிப் உட்காரும் சாக்கெட் இரண்டு, 2யூ (ரேக்கில் இரண்டு அடுக்கு) உயரம், ஒரு ப்ராசசர் சிப்புக்கு ஒன்பது வீதம் 18 மெமரி ஸ்லாட். உள்ளே இருந்தவை இரண்டு இன்டெல் ஸியான் இ5504, எட்டு 4 ஜிபி ரேம் ஸ்டிக், நான்கு எஸ்ஏஎஸ் (சர்வர் ரக) வட்டு. விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரே பெட்டிக்குள் ஓடும் தனித்தனி மென்பொருள் கம்ப்யூட்டர்கள்) ஏழெட்டு ஓட்டி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு நகல் வைக்கும் ரெப்ளிகேஷனையும், கன்டெய்னர்களை (தனித்து அடைத்த நிரல்களை) நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸையும் உடைத்து உடைத்துப் பழக ஒரு பெட்டி தேவைப்பட்டுக்கொண்டிருந்தது, அதனால் இதையே தேற்றிவிடலாம் என்று இறங்கினேன். சிப்பை மாற்றினால் வேகம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்த வேலையில் எனக்குப் பெரிய பலன் கிடைத்த இடம் மெமரி, குறிப்பாகச் சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதைகளான மெமரி சேனல்கள், அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில் சிப் கதை. இ5504 என்பது 2009 மார்ச்சில் வந்த நெஹலேம் குடும்பத்தின் கடைக்கோடி மாடல்களில் ஒன்று. 2 ஜிகாஹெர்ட்ஸ், 4 கோர், ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓட்டுவது) கிடையாது, டர்போ (தேவைப்படும்போது வேகத்தைத் தானே ஏற்றுவது) கிடையாது, சிப்புக்குள் இருக்கும் எல்3 கேஷ் மெமரி 4 எம்பி மட்டும், ரேமின் வேகம் (வினாடிக்கு இத்தனை மில்லியன் பரிமாற்றம் என்ற கணக்கில்) 800க்கு மேல் போகாது. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் எல்ஜிஏ1366 சாக்கெட்டில்தான் அடுத்த வருடம், 2010 மார்ச்சில், வெஸ்ட்மியர்-இபி என்ற 5600 வரிசையும் வந்தது. 45 நானோமீட்டரில் இருந்து 32 நானோமீட்டருக்கு இறங்கி, 117 கோடி டிரான்சிஸ்டரில் 6 கோர், 12 எம்பி எல்3. நான் எடுத்தது அதில் எக்ஸ்5670. அடிப்படை வேகம் 2.93, டர்போவில் 3.33 வரை, 95 வாட். வெளிவந்தபோது ஒரு சிப் 1,400 டாலருக்கு மேல் விற்றது, இப்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஜோடியாக ஒரு நல்ல கீபோர்டு விலைக்குத் தருகிறார்கள்.

கடைக்காரர், “சார், எக்ஸ்5690 இருக்கு, அதுதான் டாப்பு, அதை எடுத்துக்கோங்க” என்றார். 3.46 ஜிகாஹெர்ட்ஸ், உண்மையிலேயே அந்த வரிசையின் உச்சம். ஆனால் அது 130 வாட் சிப். என் பெட்டியில் இருப்பது 80, 95 வாட் சிப்புகளுக்கான உயரம் குறைந்த ஹீட்சிங்க், போர்டின் மின்சுற்றும் 95 வரைதான் தாங்கும் என்று அதன் கையேடே சொல்கிறது. இரண்டு சிப்பில் சேர்த்து 70 வாட் கூடுதல் வெப்பத்தை வாங்கிக்கொண்டு கிடைப்பது சொற்ப வேகம் என்றால் அது வேண்டாம். நாள் முழுக்க ஓட வேண்டிய பெட்டி என்றால் எல்5640 நல்ல தேர்வு, 60 வாட்டில் அதே 6 கோர், வேகம் மட்டும் 2.26. எனக்கு வேலை நேரத்தில் மட்டும் ஓடினால் போதும்.

செகண்ட் ஹேண்ட் சிப் வாங்கும்போது மூடியில் உள்ள எழுத்தைக் கண்டிப்பாகப் படியுங்கள். எக்ஸ்5670க்கு எஸ்எல்பிவி7 என்று இருக்க வேண்டும், இரண்டிலும் அதே குறி இருக்க வேண்டும். ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று பொறித்து, க்யூ என்று தொடங்கும் குறியோடு வருபவை விற்பனைக்கு வராத மாதிரி சிப்புகள். சில போர்டுகளில் அவை எழுந்திருக்கவே செய்யாது.

வாங்கி வந்ததும் நேராகத் திருகாணியைக் கழற்ற உட்காரக் கூடாது. பழைய சிப் உள்ளே இருக்கும்போதே, போர்டைத் தொடக்கி வைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். 5500 காலத்து பயாஸுக்கு 5600 சிப்புகளை அடையாளம் தெரியாது, அதற்கான மைக்ரோகோடும் (சிப்புக்குள் ஏற்றும் திருத்தம்) அதில் இருக்காது, மாற்றிவிட்டு ஆன் செய்தால் திரை கருப்பாகவே நிற்கும், அப்புறம் பழைய சிப்பை மறுபடி மாட்டித்தான் பயாஸைத் தொட முடியும். சில தயாரிப்பாளர்களின் பயாஸ் ஒரே தாவலில் கடைசிப் பதிப்புக்குப் போகாது, இடைப்பட்ட பதிப்பு ஒன்றைப் போட்டு அதன் மேல்தான் போடலாம். இதிலும் அப்படித்தான் இருந்தது. கூடவே, பெட்டியைத் தூரத்திலிருந்தே ஆன், ஆஃப் செய்ய உதவும் ரிமோட் மேனேஜ்மென்ட் சிப்பின் ஃபர்ம்வேரையும் புதுப்பித்தேன்.

அப்புறம் சிப் மாற்றம். எல்ஜிஏ1366இல் பின்கள் சிப்பில் இல்லை, சாக்கெட்டில் இருக்கின்றன, 1366 பின்னும் நிமிர்ந்து நிற்கும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே சீராக மின்ன வேண்டும், ஒன்று வளைந்திருந்தாலும் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி வெளிச்சம் காட்டும். இந்தச் சிப்பில் மெமரியை ஆளும் மெமரி கன்ட்ரோலர் உள்ளேயே இருப்பதால் பின்களில் கணிசமான பங்கு மெமரிக்குப் போகிறது. அதனால் ஒரு பின் வளைந்தால் கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் போவதை விட, ஒரு மெமரி சேனல் மட்டும் காணாமல் போவதுதான் அதிகம் நடக்கும். ஆள் ரேம் ஸ்டிக்கைக் குறை சொல்லிக்கொண்டு திரிவார், கோளாறு சாக்கெட்டில் இருக்கும்.

வாங்கிய இரண்டில் ஒரு சிப்பின் அடிப்பக்கம் ஓரத்தில், பின்கள் வந்து தொடும் நாலைந்து பேடுகளின் மேல் பழைய தெர்மல் பேஸ்ட் மெல்லிய சாம்பல் நிறத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது, மற்ற பேடுகள் தங்க நிறத்தில் பளிச்சென்று இருக்க இவை மட்டும் மங்கல். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒரே திசையில் துடைத்து, உலர விட்டு, பிறகுதான் சாக்கெட்டில் இறக்கினேன். ஹீட்சிங்கை மாட்டும்போது ஒரு பக்கத்தை மட்டும் முழுக்க இறுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகாமல், குறுக்கு மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் அதே கதைதான், ஒரு சேனல் தெரியாது.

சரி, ஆன் செய்ததும் பயாஸ் இரண்டு எக்ஸ்5670ஐயும் காட்டியது, 12 கோர், 24 த்ரெட். இனி மெமரி.

இதற்கு முந்தைய தலைமுறை ஸியான்களில் மெமரி கன்ட்ரோலர் நார்த்பிரிட்ஜ் என்ற தனிச் சிப்பில் இருந்தது. எல்லா கோரும் ஃப்ரன்ட் சைட் பஸ் என்ற பொதுப் பாதை வழியாக அங்கே போய்த்தான் மெமரியைத் தொட வேண்டும், கோர் கூடக் கூட நெரிசலும் கூடும். நெஹலேமில் அதைத் தூக்கிச் சிப்புக்குள் வைத்தார்கள், ஒவ்வொரு சிப்புக்கும் சொந்தமாக மூன்று டிடிஆர்3 சேனல். 1333 வேகத்தில் ஒரு சேனல் வினாடிக்கு 10.6 ஜிபி, மூன்றும் சேர்ந்தால் 32 ஜிபி, இரண்டு சிப்புக்கும் சேர்த்து 64. காகிதக் கணக்குதான், ஆனாலும் 2010க்கு இது பெரிய எண். என்னைக் கேட்டால் அந்தக் காலத்துச் சர்வர்களில் நடந்த மிகப் பெரிய மாற்றம் கோர் எண்ணிக்கை ஏறியது அல்ல, இதுதான்.

பெட்டி வந்தபோது ஒவ்வொரு சிப்பின் பக்கத்திலும் நான்கு ஸ்டிக். அவை இரண்டு சேனல்களில் மட்டும் இரண்டிரண்டாகச் சொருகியிருந்தன. மூன்றாவது சேனலின் ஸ்லாட்டுகள் மொத்தமும் காலி, தூசி படிந்து. காரணம் பயாஸில் இருந்தது. மெமரி மோட் ‘அட்வான்ஸ்டு ஈசிசி’ என்று வைத்திருந்தார்கள் (ஈசிசி என்றால் மெமரிப் பிழையைக் கண்டு திருத்தும் ஏற்பாடு). லாக்ஸ்டெப் என்று சொல்வது இதைத்தான். இரண்டு சேனலை ஒன்றாகப் பிணைத்து 128 பிட் அகலத்தில் ஓட்டும், மூன்றாவது சேனலை அடியோடு ஒதுக்கிவிடும். ஒரு ஸ்டிக்கில் இருக்கும் 8 பிட் மெமரி சிப் முழுசாகச் செத்துப்போனாலும் தகவலை மீட்க முடியும் என்பது அதன் நோக்கம். வங்கி மாதிரி இடங்களில் இதற்காக மூன்றில் ஒரு பங்கு பட்டைஅகலத்தை விட்டுக்கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்த ஸ்டிக்குகளின் லேபிளைப் பாருங்கள்: 2ஆர்எக்ஸ்4 பிசி3-10600ஆர். முதலில் உள்ள 2ஆர் என்றால் இரண்டு ரேங்க், அதாவது சேர்ந்து இயங்கும் மெமரி சிப் தொகுதிகள் இரண்டு. எக்ஸ்4 என்றால் அதில் ஒட்டியிருக்கும் மெமரி சிப் ஒவ்வொன்றும் 4 பிட் அகலம். 10600 என்பது வினாடிக்கு எத்தனை எம்பி என்பது, அதாவது 1333 வேகம். கடைசி ஆர் என்றால் ரெஜிஸ்டர்டு, அதாவது சிக்னலை இடையில் தாங்கி அனுப்பும் சிப் ஸ்டிக்கிலேயே உண்டு. எக்ஸ்4 ஸ்டிக் என்றால் ஒரு மெமரி சிப் மொத்தமாகச் சாவதை இந்த ஸியானின் கன்ட்ரோலர், சேனல்கள் தனித்தனியாக ஓடும் சாதாரண இன்டிபென்டென்ட் மோடிலேயே சமாளித்துவிடும். லாக்ஸ்டெப் தேவைப்படுவது எக்ஸ்8 ஸ்டிக்குகளுக்குத்தான். ஆக, இந்தப் பெட்டி தன் வாழ்நாளெல்லாம் மூன்றாவது சேனலைப் பூட்டி வைத்துவிட்டு, பதிலுக்குப் பெரிதாக எதையும் பெறாமல் ஓடியிருக்கிறது. இதே மாதிரி செட்டிங்கோடு எத்தனையோ சர்வர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாலே மனசு கேட்கவில்லை. வீட்டில் இப்படி ஒன்று வைத்திருப்பவர்கள் முதலில் இந்த ஒரு மெனுவைத் திறந்து பாருங்கள்.

மோடை மாற்றினேன். அதே லேபிள் உள்ள 4 ஜிபி ஸ்டிக் இன்னும் நான்கு வாங்கி, சிப்புக்கு ஆறு, சேனலுக்கு இரண்டு என்று பரப்பினேன். மொத்தம் 48 ஜிபி. சேனலுக்கு இரண்டு ஸ்டிக் போட்டாலும் 1333இல் ஓடும் திறன் 5600 வரிசைக்கு உண்டு, போர்டும் ஒத்துழைக்க வேண்டும். இதில் ஒத்துழைத்தது, பயாஸ் முதல் திரையிலேயே 1333 என்று காட்டியது. மூன்றாவது ஸ்டிக்கையும் ஒவ்வொரு சேனலிலும் சொருகினால் வேகம் 800க்கு விழுந்துவிடும். 18 ஸ்லாட்டையும் நிரப்பிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும், கொள்ளளவு அவ்வளவு அவசியம் என்றால் ஒழிய வேண்டாம். ரெஜிஸ்டர்டு அல்லாத ஸ்டிக்கை இதோடு கலக்கவும் முடியாது.

லினக்ஸ் ஏற்றியதும், சிப் விவரம் தரும் எல்எஸ்சிபியு கட்டளை காட்டியதில் ஒரு விஷயம் பலரைக் குழப்பும். கோர் எண்கள் 0, 1, 2 என்று வந்து அப்புறம் நேராக 8, 9, 10க்குத் தாவுகின்றன. இடையில் ஐந்து கோரை யாரோ அணைத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை, வெஸ்ட்மியர் ஆறு கோர் சிப்புகளில் எண் வரிசையே இப்படித்தான்.

அதை விட முக்கியமானது நியூமா, அதாவது சிப்புக்குத் தன் பக்கத்து மெமரி வேகமாகவும் எதிர்ப்பக்க மெமரி மெதுவாகவும் கிடைக்கும் அமைப்பு. முதல் சிப்பின் மெமரி ஒரு நோடு, இரண்டாவதின் மெமரி இன்னொரு நோடு. எதிர்ப்பக்க மெமரி வேண்டுமென்றால் சிப்புகளை இணைக்கும் க்யூபிஐ இணைப்பைத் தாண்டிப் போக வேண்டும், அது ஒரு திசையில் வினாடிக்கு 12.8 ஜிபி மட்டுமே. பக்கத்து வீட்டுக் கிணற்றில் போய்த் தண்ணீர் இறைத்து வருவது போலத்தான், தண்ணீர் அதேதான், நடைதான் கூடுதல். மெமரி வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம் சோதனையை ஒரு நோடின் கோர்களையும் அதே நோடின் மெமரியையும் கட்டிப்போட்டு ஓட்டியபோது சுமார் 20 ஜிபி வந்தது, மெமரியை மட்டும் எதிர் நோடுக்கு மாற்றியதும் பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது. இந்த வித்தியாசத்தை மறைக்க பயாஸில் ‘நோடு இன்டர்லீவிங்’ என்று ஒன்று உண்டு, இரண்டு பக்க மெமரியையும் கலந்து ஒரே பரப்பாகக் காட்டும். அதை அணைத்தே வையுங்கள். லினக்ஸுக்கு எது பக்கம், எது தூரம் என்று தெரிந்தால்தான் அது ஒழுங்காகப் பங்கிட முடியும்.

விர்ச்சுவல் மெஷின்களை சிப்போடு கட்டும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த போர்டில் 0, 2, 4 என இரட்டை எண் த்ரெட்டுகள் எல்லாம் முதல் சிப்பிலும், ஒற்றை எண்கள் இரண்டாவதிலும் வருகின்றன. 0 முதல் 5 வரை ஒரு மெஷினுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் அது இரண்டு சிப்புக்கும் நடுவில் பிளந்து நிற்கும். வேறு போர்டுகளில் வேறு வரிசை இருக்கும், அதனால் நியூமாசிடிஎல் கட்டளை காட்டும் பட்டியலைப் பார்த்து எழுதுவதே சரி. போஸ்ட்கிரெஸ் பிரைமரியை முதல் நோடிலும் ரெப்ளிகாவை இரண்டாவதிலும் முழுசாக அடைத்தேன், ஒன்றில் பளு ஏற்றினாலும் மற்றது அசையாமல் ஓடுகிறது. நல்ல வேளையாக இந்த போர்டில் 5520 ஐ/ஓ சிப் ஒன்றுதான், இரண்டு ஸியானிலிருந்தும் தலா ஒரு க்யூபிஐ நேராக அதற்குப் போகிறது, அதனால் நெட்வொர்க் கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை.

கோர்களின் வேகமும் திருப்தி. 133 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தின் 22 மடங்குதான் 2.93. ஆறு கோரும் முழு மூச்சாக ஓடும்போதே 24 மடங்கு, அதாவது 3.2 வரை ஏறி நிற்கிறது. ஒன்றிரண்டு கோர் மட்டும் வேலை செய்தால் 25 மடங்கு. வேகத்தைக் காட்டும் டர்போஸ்டாட் கருவியில் பார்த்தேன், குளிரூட்டல் சரியாக இருக்கும்வரை அந்த 3.2 இறங்கவே இல்லை.

வெஸ்ட்மியரில் புதிதாக வந்தவற்றில் எனக்கு நேரடியாகப் பயன்பட்டது ஏஇஎஸ்-என்ஐ. வட்டு முழுவதையும் என்கிரிப்ட் செய்து வைப்பது என் வழக்கம். இ5504இல் அதை மென்பொருள்தான் செய்ய வேண்டும், நாலு வட்டும் சேர்ந்து தரவு கொடுக்கும்போது சிப் திணறும். இதில் சிப்பிலேயே அதற்கான கட்டளைகள் இருப்பதால் என்கிரிப்ஷன் இருக்கிற சுவடே தெரியவில்லை, வட்டுகள்தான் இப்போது மெதுவான பகுதி. இன்டெல் சிப்புகளில் 1 ஜிபி அளவு மெமரி பக்கங்களும் பிசிஐடியும் (எந்த மெமரி முகவரி எந்த நிரலுடையது என்று சிப்பே குறித்துவைப்பது) இதில்தான் முதலில் வந்தன. பிசிஐடியின் அருமை 2018இல் மெல்ட்டவுன் என்ற சிப் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது தெரிந்தது, அதற்கான லினக்ஸ் பேட்ச் தரும் வேகக்குறைவை அது ஓரளவு தணிக்கிறது.

பாதுகாப்பு விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும். ஸ்பெக்டர் என்ற இன்னொரு ஓட்டைக்கு இன்டெல் இந்தச் சிப்புக்கு 2018இல் மைக்ரோகோடு கொடுத்தது, அடுத்த வருடம் வந்த எம்டிஎஸ் ஓட்டைக்குக் கொடுக்கவில்லை. எல்எஸ்சிபியுவின் கடைசி வரிகளில் ‘மைக்ரோகோடு இல்லை’ என்று பச்சையாகவே எழுதிக் காட்டும். வெளி ஆட்களின் விர்ச்சுவல் மெஷினை இதில் ஏற்றவே கூடாது. என் மெஷின்கள் மட்டும், என் நெட்வொர்க்குக்குள் மட்டும் என்றால் எனக்குச் சம்மதம்.

இந்தச் சிப்புக்கு வயதாகிவிட்டது என்று தெரிவது வேகத்தில் அல்ல, கட்டளைத் தொகுப்பில். பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகள் கிடையாது, அது அடுத்த தலைமுறையான சாண்டி பிரிட்ஜில்தான் வந்தது. மாங்கோடிபி டேட்டாபேஸ் 5.0 முதல் ஏவிஎக்ஸ் இல்லாமல் ஓடாது, கன்டெய்னர் எழுந்த நொடியில் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று விழும். அதற்காக எந்த செட்டிங்கைத் திருகியும் பயனில்லை, 4.4ஓடு நிற்க வேண்டியதுதான். டென்சர்ஃப்ளோ என்ற மெஷின் லேர்னிங் மென்பொருளின் தயார் பொதிகளும் 1.6 முதல் இதே கதி. ரெட்ஹாட் லினக்ஸ் 9 ஓடும், 10 ஓடாது, ஏவிஎக்ஸ்2 கேட்கிறது. விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ 6.7 வரை ஏற்கும், 7.0இல் வெஸ்ட்மியரை நீக்கிவிட்டார்கள். டெபியன் லினக்ஸ் 12இல், லினக்ஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம் எந்தத் தகராறும் இல்லாமல் ஓடுகிறது, நான் அதில்தான் இருக்கிறேன். கார்டு ஸ்லாட்டுகள் பிசிஐஇ 2.0 என்பதால், வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி வட்டை அடாப்டரில் மாட்டினால் நான்கு லேனில் வினாடிக்கு 2 ஜிபிக்கு மேல் வராது, பழைய பயாஸால் அதிலிருந்து இயங்குதளத்தைத் தொடக்கவும் முடியாது. டேட்டா வட்டாக வைத்துக்கொள்ளலாம்.

மின்சாரம்தான் யோசிக்க வைப்பது. சும்மா இருக்கும்போதே சுவர் பிளக்கில் 150 வாட்டை ஒட்டி இழுக்கிறது. ஸியான்கள் சும்மா இருக்கும்போது நன்றாகவே அடங்கிவிடுகின்றன. 12 ரேம் ஸ்டிக், விசிறிகள், வட்டுகள், அப்புறம் அந்த 5520 சிப் (அதன் உச்ச அளவே 27 வாட்) எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கணக்கு. 24 மணி நேரமும் ஓட்டினால் மாதம் 108 யூனிட், இரண்டு மாத பில்லில் 216. இன்றைய 6 கோர் டெஸ்க்டாப் சிப் ஒன்று இந்த இரண்டையும் சேர்த்தே முந்திவிடும், அதுவும் இதில் ஒரு சிறு பங்கு மின்சாரத்தில். அதனால் எப்போதும் ஓட வேண்டிய வேலைக்கு இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வேண்டும்போது ரிமோட் மேனேஜ்மென்ட் வழியாக எழுப்பி, வேலை முடிந்ததும் அணைத்துவிடுகிறேன். ஈசிசி மெமரியும், நிஜமான இரண்டு நியூமா நோடும் வைத்துக்கொண்டு பழக இந்த விலையில் வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

மெமரியைப் பிறகு 96 ஜிபி ஆக்கும் எண்ணம் உண்டு. அதற்குப் பார்க்க வேண்டியது 8 ஜிபி 2ஆர்எக்ஸ்4 ஸ்டிக் பன்னிரண்டு. சந்தையில் 4ஆர் என்று போட்ட நான்கு ரேங்க் ஸ்டிக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன, ஆனால் இந்தக் கன்ட்ரோலர் ஒரு சேனலுக்கு 8 ரேங்க் வரைதான் தாங்கும். நான்கு ரேங்க் என்றால் சேனலுக்கு இரண்டு ஸ்டிக்கோடு கணக்கு முடிந்துவிடும், வேகமும் 1333இல் நிற்காது. ஸ்டிக் மாற்றியபின் ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டிவிட்டு, லினக்ஸில் ஐ7கோர்-ஈடாக் டிரைவர் பதிவுசெய்யும் திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கையை ஒரு வாரம் கவனியுங்கள். ஒரே ஸ்லாட்டின் எதிரே அந்த எண் ஏறிக்கொண்டே போனால் அங்கிருக்கும் ஸ்டிக்கை வேறு சேனலுக்கு மாற்றிப் பாருங்கள். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக்கை மாற்றுங்கள், அதே ஸ்லாட்டில் நின்றால் ஹீட்சிங்கைக் கழற்றிச் சாக்கெட்டைப் பாருங்கள்.